இந்தப் பகுதியில் கடை வைத்தால் ஓடுமா? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சில சிறுகடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பது என் தொழில். கடை திறக்க நினைப்பவர்கள், திறந்துவிட்டுத் திண்டாடுபவர்கள், தங்கள் ஒழுங்கையில் பாண் வாங்கக்கூட இடமில்லையே என்று நொந்துகொள்பவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கிறார்கள்: இங்கே அதற்குப் போதிய சனம் இருக்கிறதா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இதைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பியிருப்பதால் மேலிருந்து கீழாக வாசிப்பது நல்லது.

எங்கள் ஒழுங்கையில் மட்டும் நான்கு பெரிய தொடர்மாடிகள் இருக்கின்றன. பலசரக்குக் கடை போட்டால் ஓடாமல் போகுமா?

போகலாம். தொடர்மாடியின் உயரத்தைப் பார்த்து முற்பணம் கட்டியவர்கள் பலரை எனக்குத் தெரியும். கொழும்பு 4 (பம்பலப்பிட்டி), கொழும்பு 6 (வெள்ளவத்தை) பகுதிகளில் கணிசமான வீடுகளின் சொந்தக்காரர்கள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சிட்னியிலோ இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது தங்குவதற்கும், பணத்தைப் போட்டுவைப்பதற்கும் வாங்கிய வீடுகள் அவை. வருடத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். பூட்டிய வீடு உப்பு வாங்காது.

அதனால் எண்ண வேண்டியது கதவிலக்கங்களை அல்ல, அடுப்பெரியும் வீடுகளை. அதை எப்படி எண்ணுவது என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் எத்தனை அடுப்பு வேண்டும் என்று பார்ப்போம்.

சரி, ஒரு கடைக்கு எத்தனை பேர் வேண்டும்? சுற்றி வளைக்காமல் ஒரு எண்ணைச் சொல்லுங்கள்.

எல்லாக் கடைக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. 1933இல் ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டல்லர் இதற்கு இரண்டு அளவுகளை வைத்தார். ஒரு கடை உயிரோடிருக்கத் தேவையான ஆகக் குறைந்த வாடிக்கை ஒன்று. அந்தப் பொருளுக்காக ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு தூரம் வருவார் என்பது மற்றது. முதலாவது, இரண்டாவதன் எல்லைக்குள் கிடைத்தால் கடை நிற்கும். பாணுக்கு யாரும் இரண்டு பஸ் மாறி வரமாட்டார்கள். கூறைச் சேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்தே வருவார்கள். பாண் கடைக்குப் பக்கத்துச் சனம் வேண்டும். கூறைச் சேலைக் கடைக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

உங்கள் கடைக்கான எண்ணை வாடகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். எல்லாம் உதாரணத்துக்குத்தான்: வாடகை 1 இலட்சம், இரண்டு உதவியாளர்களின் சம்பளம் 1 இலட்சம், மின்சாரம் முதலான சில்லறைச் செலவு 50,000, உங்கள் வீட்டுச் செலவுக்கு 1 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3.5 இலட்சம். நூறு ரூபாய் விற்றால் சராசரியாக 12 ரூபாய் கையில் நிற்கும் என்றால், மாத விற்பனை ஏறக்குறைய 29 இலட்சம் இருக்க வேண்டும். அதாவது நாளொன்றுக்கு 97,000 ரூபாய். ஒரு குடும்பம் உங்களிடம் மாதம் 10,000 ரூபாய்க்கு வாங்கினால் 290 குடும்பங்கள் தேவை. ஆனால் நடை தூரத்தில் இருக்கும் ஐந்து குடும்பங்களில் ஒன்றுதான் உங்களிடம் வாடிக்கை வைக்கும் என்றால் சுற்றுவட்டாரத்தில் 1,450 குடும்பங்கள், அதாவது குடும்பத்துக்கு நான்கு பேர் வீதம் 5,800 பேர் வேண்டும்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள். வாடகையை மட்டும் 2 இலட்சமாக மாற்றினால் தேவைப்படும் சனம் 7,500 ஆகிவிடுகிறது. கடைக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதை ஊர்ச் சனத்தைவிடக் கட்டட உரிமையாளரே அதிகம் தீர்மானிக்கிறார்.

நடை தூரம், நடை தூரம் என்கிறீர்கள். அது எவ்வளவு தூரம்?

சாதாரணமாக ஐந்து நிமிட நடை, அதாவது 400 மீற்றர். கொழும்பின் வெயிலில், கையில் தேங்காயும் அரிசியும் இருக்கையில், நான் அதையும் குறைத்தே மதிப்பிடுவேன். 400 மீற்றர் ஆரத்தில் வட்டம் போட்டால் அதன் பரப்பு அரைச் சதுர கிலோமீற்றர். கொழும்பு மாநகரம் ஏறக்குறைய 37 சதுர கிலோமீற்றர். 2012 தொகைமதிப்பில் அங்கே வசித்தவர்கள் சுமார் 5.6 இலட்சம் பேர். சதுர கிலோமீற்றருக்கு 15,000 பேர் வருகிறது. ஆகவே சராசரியான ஒரு வட்டத்துக்குள் 7,500 பேர். முந்தைய பதிலில் 2 இலட்ச ரூபாய் வாடகைக்குத் தேவைப்பட்ட அதே தொகை. ஒரு தலைகூட மிச்சமில்லை.

ஆனால் வட்டம் தாளில்தான் வட்டம். மரைன் டிரைவில் கடை என்றால் பாதி வட்டம் கடலுக்குள் இருக்கிறது. மீன்கள் சவர்க்காரம் வாங்குவதில்லை. வெள்ளவத்தையில் காலி வீதி என்ற பிரதான வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளோ சீப்பின் பற்களைப் போன்றவை. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகப் பெரும்பாலும் குறுக்கு வழி கிடையாது. மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பார், ஆனால் உங்கள் கடைக்கு வர அவர் காலி வீதிவரை ஏறி மறுபடி இறங்க வேண்டும். அதைவிட காலி வீதியிலேயே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

காலி வீதியும் ஓர் எல்லைதான். மாலை ஆறு மணிக்கு அதைக் கடந்து மறுபக்கம் போய்ச் சீனி வாங்கும் வயதானவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. பாமன்கடை, கிருலப்பனைப் பக்கம் கால்வாய் அதே வேலையைச் செய்கிறது. தெமட்டகொடையில் ரயில் பாதை. வரைபடத்தில் வட்டம் போட்ட பிறகு ஒரு நாள் நடந்து பாருங்கள். நடந்து அடையக்கூடிய பகுதி வட்டத்தின் பாதி அளவுக்குச் சுருங்கினாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

எங்கள் பகுதிச் சனத்தொகையை எங்கே பார்க்கலாம்?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தில். மாநகரம் இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளுக்குள் வருகிறது. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ், புறக்கோட்டை, மருதானை, கொம்பனித்தெரு ஆகியவை கொழும்புப் பிரிவில் 35 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளாக இருக்கின்றன. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, பொரளை, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை ஆகியவை திம்பிரிகஸ்யாயப் பிரிவில் 20. உங்களுக்குத் தேவையானது கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்ட எண். அதுவே ஒரு கடைக்குப் பெரிய பரப்புத்தான், ஆனாலும் மாவட்ட எண்ணைப் பிடித்துக்கொண்டு திரிவதைவிட மேல். கொழும்பு மாவட்டத்தில் 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் இருப்பதால் உங்கள் ஒழுங்கைக்கு என்ன இலாபம்?

2021இல் நடக்க வேண்டிய தொகைமதிப்பு, தொற்றும் பொருளாதார நெருக்கடியும் தள்ளிவைத்ததால் 2024 இறுதியில்தான் நடந்தது. கையில் 2012 எண்ணை வைத்திருப்பவர்கள் அதற்குப் பின் எழுந்த கட்டடங்களையும், வெளியேறிய குடும்பங்களையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாக்காளர் இடாப்பில் பெயர்ப் பட்டியலே இருக்கிறதே, அது போதாதா?

போதாது. கொழும்பில் பத்து வருடமாகக் குடியிருப்பவரின் வாக்கு இன்னமும் பருத்தித்துறையிலோ மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ இருக்கும். வெளிநாடு போனவரின் பெயர் இங்கே நீக்கப்படாமல் கிடக்கும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இல்லவே இல்லை, பால்மாவும் பிஸ்கட்டும் அவர்களுக்காகத்தான் வாங்கப்படுகின்றன.

அறைகளிலும் விடுதிகளிலும் தங்குபவர்களை எந்த இடாப்பும் சரியாகப் பிடிப்பதில்லை. போர்க்காலத்தில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை விடுதிகள் வடக்கிலிருந்து வந்து கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் காத்திருந்தவர்களால் நிரம்பியிருந்தன. சாப்பாட்டுக் கடைகளும் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு நிலையங்களும் அவர்களால் பிழைத்தன. 2007 ஜூன் 7இல் அத்தகைய விடுதிகளில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பைவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒரு வட்டாரத்தின் வாடிக்கையாளர்கள் ஒரே இரவில் இல்லாமற்போக முடியும் என்பதை அதற்குப் பிறகு யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியென்றால் பூட்டிய வீடு எது, ஆள் இருக்கும் வீடு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கதவைத் தட்டவா முடியும்?

தட்ட வேண்டாம். சாதாரணமான ஒரு செவ்வாயோ புதனோ, இரவு எட்டு மணிக்குக் கட்டடத்தின் எதிரே நின்று விளக்கெரியும் ஜன்னல்களை எண்ணுங்கள். வேறொரு வாரத்தில் இன்னொரு தடவை எண்ணுங்கள். விளக்கை விடவும் நம்பகமானது பல்கனியில் காயும் துணி. பள்ளிச் சீருடை காய்ந்தால் அங்கே குடும்பம் இருக்கிறது. கட்டடக் காவலாளியிடம் நயமாகப் பேசினால் எந்த வீட்டுக்குக் குப்பை எடுக்க வருகிறார்கள், எது மாதக்கணக்கில் திறக்கவில்லை என்று ஒப்புவித்துவிடுவார். குடியிருப்பாளர் முகாமைத்துவக் குழுவில் தெரிந்தவர் இருந்தால் தண்ணீர்க் கட்டணத்தை வைத்து இன்னும் துல்லியமாகச் சொல்வார்.

ஆகஸ்டிலும் டிசம்பரிலும் எண்ணாதீர்கள். புலம்பெயர்ந்த உறவுகள் விடுமுறைக்கு வந்து எல்லா ஜன்னலும் ஒளிரும். அந்த ஆகஸ்டைப் பார்த்துக் கடை எடுத்தவர்கள் பெப்ரவரியில் என்னிடம் வருகிறார்கள்.

பகலில் இங்கே அலுவலகக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ரியூஷனுக்கு வருபவர்களும் நிறையப் பேர். அவர்களையும் கணக்கில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் தனி நிரலில். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, வெள்ளவத்தை சைவ மங்கையர் கழகம் ஆகியவற்றைச் சுற்றி ஒரு மணி நேரத்துக்குள் வந்துபோகும் பிள்ளைகளையும் பெற்றோரையும் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அவர்கள் வாங்குவது ரோல்ஸ், பற்றிஸ், ஐஸ்கிரீம், கொப்பி, போட்டோ பிரதி. அரிசியும் பருப்பும் அவர்கள் வீட்டருகே வாங்கப்படும். பள்ளியோ வருடத்தில் இருநூறு நாட்களுக்கும் குறைவாகவே நடக்கிறது. வாடகைக்குத் தவணை விடுமுறை கிடையாது.

கோட்டைப் பகுதி இதன் உச்சம். பகலில் திரும்ப இடமிருக்காது, ஆனால் அங்கே வசிப்பவர்கள் மிகச் சிலர். மதிய உணவுக் கடை செழிக்கும். அதே இடத்தில் மாலை ஏழு மணிக்கு மரக்கறி விற்க முயன்றால் நீங்களும் காவலாளியும்தான் மிச்சம்.

வெள்ளவத்தையில் இத்தனை புடவைக் கடை, இத்தனை நகைக்கடை. இவ்வளவையும் தாங்குமளவுக்கு அங்கே சனம் இருக்கிறதா என்ன?

இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. மேலே சொன்ன கூறைச் சேலைக் கணக்கு இது. அந்தக் கடைகளின் வாடிக்கையாளர்கள் தெஹிவளையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வடக்குக் கிழக்கிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறார்கள். ஒரே சாமானை விற்கும் கடைகள் நெருங்கி இருப்பதே அவர்களை இழுக்கிறது. செட்டியார் தெருவில் தங்கம், புறக்கோட்டை 2ஆம் குறுக்குத் தெருவில் துணி, பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் எல்லாம் இப்படித்தான். இவற்றைப் பார்த்து ‘இங்கே எது வைத்தாலும் ஓடும்’ என்று முடிவு கட்டாதீர்கள். சேலை வாங்க வந்தவர் தேங்காய் வாங்கிக்கொண்டு வான் ஏறமாட்டார்.

கொட்டாஞ்சேனையில் சந்துக்குச் சந்து கடை பிழைக்கிறது. பணக்காரர் வாழும் கொழும்பு 7இல் ஒரு பெட்டிக்கடையைக்கூடக் காணோமே, ஏன்?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் பணம் இருக்கும் இடத்தில் கடை ஓடும் என்ற நம்பிக்கையை இது ஒன்றே உடைத்துவிடுகிறது. கொழும்பு 7இல், அதாவது கறுவாத்தோட்டத்தில், ஒரு மதிலுக்கும் அடுத்த மதிலுக்கும் இடையில் ஒரு குடும்பம். அதே நீளத்தில் ஜிந்துப்பிட்டியிலோ கொச்சிக்கடையிலோ முப்பது குடும்பங்கள் இருக்கும். கறுவாத்தோட்டத்துக் குடும்பம் வாரத்துக்கொரு முறை காரில் போய் வண்டி நிறைய வாங்கும். கொட்டாஞ்சேனைக் குடும்பத்தில் பலருக்கு நாட்சம்பளம், அன்றன்று வாங்குகிறார்கள். காலையில் பாணும் பருப்பும், மாலையில் நூறு கிராம் மிளகாய்த்தூளும் நான்கு முட்டையும். ஒரு நாளில் மூன்று முறை கடைப் படியேறும் வாடிக்கையாளர் அவர்.

தேசிய அளவிலான 2019 வீட்டு வருமான, செலவின ஆய்வில் சராசரிக் குடும்பச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் உணவுக்குப் போனது. வருமானம் குறையக் குறைய அந்தப் பங்கு பெருகும். ஆகவே ஏழைக் குடும்பத்தின் பணப்பை சிறிது என்றாலும் அதில் பலசரக்குக் கடைக்குரிய பங்கு பெரிது, அதுவும் நடந்து போகும் கடைக்கு.

இதற்கு ஒரு விலை உண்டு: கடன் கொப்பி. கடன் கொடுக்காமல் அங்கே கடை நடத்த முடியாது. இரண்டாவது கேள்வியில் போட்ட கணக்கில் கடன் நிலுவைக்கென்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாத விற்பனையில் கால்வாசி கொப்பிக்குள் தூங்கினால், மொத்த வியாபாரிக்குக் கட்ட வேண்டிய பணத்தை வேறெங்கோ புரட்ட வேண்டிவரும். இந்தப் பகுதிகளில் கடைகள் பெரும்பாலும் சனம் போதாமல் மூடப்படுவதில்லை, கொப்பி நிறைந்துதான் மூடப்படுகின்றன.

பக்கத்தில் சூப்பர் மார்க்கெட் வரப்போகிறதாம். சின்னக்கடை இனித் தப்புமா?

கார்கில்ஸ் நிறுவனம் முதலாவது புட் சிற்றியைக் கொழும்பில் திறந்தது 1983இல். அன்றிலிருந்து இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது, சின்னக்கடைகளும் இருக்கின்றன. அதற்காகப் பயமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதச் சம்பளக்காரரின் பெரிய பட்டியல் அங்கே போய்விடும். பொதி செய்த பால்மா, சவர்க்காரம், சலவைத்தூளில் அவர்களின் கழிவு விலையோடு நீங்கள் மல்லுக்கட்ட முடியாது. அதாவது ஒரு குடும்பம் உங்களிடம் செலவிடும் 10,000 ரூபாய் 4,000 ஆகலாம். அப்போது தேவைப்படும் குடும்பங்களின் தொகை இரண்டரை மடங்காகும். சனம் அதே சனம்தான், ஆனால் உங்களுக்கு அது போதாமற்போய்விட்டது.

தப்பும் கடைகள் எவை? துருவிய தேங்காய்ப்பூ, காலை ஆறு மணிப் பாண், தனி முட்டை, தொலைபேசி ரீலோட், இடியப்பம், யாழ்ப்பாணத்து மோர்மிளகாய், கீரைக்கட்டு என்று வரிசையில் நின்று வாங்க விரும்பாத சாமான்களை வைத்திருப்பவை. 2022இல் எரிபொருள் தீர்ந்து ஜூலையில் கியூஆர் குறியீட்டின்படி பெற்றோல் பங்கீடு வந்தபோது காரை எடுக்கத் தயங்கியவர்கள் மூலைக் கடைக்கு நடந்தார்கள். அந்த மாதங்களில் சில கடைகளின் விற்பனை ஏறியதைக் கணக்கில் பார்த்தேன். பெற்றோல் வந்ததும் பாதிப்பேர் திரும்பிப் போனார்கள், மீதிப்பேர் தங்கிவிட்டார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பார்மசி அமோகமாக ஓடுகிறது. எதிரே இன்னொன்று போட்டால் பாதிப்பேராவது எனக்கு வருவார்கள்தானே?

வருவார்கள், ஆனால் பாதிப்பேர் போதாது. 1991இல் திமோதி பிரெஸ்னஹான், பீட்டர் ரைஸ் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள், ஒதுக்குப்புறமான 202 சிறிய சந்தைகளில் மருத்துவர், பல்வைத்தியர், மருந்துக்கடை, குழாய் வேலை செய்பவர், டயர் விற்பவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஆராய்ந்து பார்த்தார்கள். ஒரு மருந்துக்கடை நிற்க வேண்டிய சனத்தின் இரு மடங்கு இருந்தால் இரண்டு கடை நிற்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அது போதவில்லை, அதற்கும் மேல் தேவைப்பட்டது. இரண்டாமவர் வந்ததும் போட்டியால் இருவரின் இலாபமும் மெலிகிறது. மூன்று முதல் ஐந்து கடைகள் வந்தபிறகு அடுத்தவர் வருவதால் பெரிதாக எதுவும் மாறவில்லை. போட்டியின் பெரும்பகுதித் தாக்கம் அதற்குள் வந்துவிட்டது.

உங்கள் விஷயத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தப் பார்மசியில் இப்போது ஆட்கள் காத்து நிற்கிறார்களா, திருப்பி அனுப்பப்படுகிறார்களா? ஆம் என்றால் இடம் இருக்கலாம். கடைக்காரர் வசதியாக இருக்கிறார் என்பது இன்னொருவருக்கு இடமிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அல்ல.

புதுத் தொடர்மாடிகளின் கீழ்மாடியில் கடைகளுக்கென்றே இடம் விட்டுக் கட்டுகிறார்கள். மேலே சனம், கீழே கடை, இருந்தும் ஏன் பல பூட்டிக் கிடக்கின்றன?

மேலே இருப்பவர்களில் எத்தனை பேர் உண்மையில் இருக்கிறார்கள் என்பதை முதல் பதிலில் பார்த்தோம். இருப்பவர்களும் மின்தூக்கியில் நேரே வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கி, அங்கிருந்தே வெளியேறுகிறார்கள். கடையின் வாசல் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. தவிர, நூறு வீடுகளுள்ள ஒரு கட்டடம் அத்தனையும் நிரம்பியிருந்தாலும் 290 குடும்பம் தேவைப்படும் கடைக்குப் பக்கத்தில்கூட வராது.

இன்னொரு காரணம் வாடகை. அந்த இடத்தை முதலீடாக வாங்கியவர் வீட்டு விலைக்கு ஈடான வாடகையை எதிர்பார்க்கிறார். குறைத்துக் கொடுத்தால் சொத்தின் மதிப்பு விழுந்துவிடுமோ என்று பூட்டிவைத்துக் காத்திருக்கிறார். மிகப் பெரிய திட்டங்கள் வேறு வகை. பழைய வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலைக் காணியில் எழுந்த ஹவ்லொக் சிற்றியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அங்குள்ள வணிக வளாகமும் அந்த வீடுகளை மட்டும் நம்பிக் கட்டப்பட்டதல்ல, நகரின் தென்பாதியிலிருந்து காரில் வருபவர்களை எண்ணிக் கட்டப்பட்டது.

தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடிசைப் பகுதிகளிலிருந்த மக்களை அடுக்குமாடிகளில் குடியேற்றிய இடங்களில் சனம் நிரம்பி வழிகிறது, வீடுகளும் பூட்டிக் கிடப்பதில்லை. அங்கே கடை நிச்சயம் ஓட வேண்டுமே?

சனத்தொகையை மட்டும் பார்த்தால் ஓட வேண்டும். 2001இல் பொரளைப் பக்கம் திறக்கப்பட்ட சஹஸ்புரவில் மட்டும் 671 வீடுகள். 2010க்குப் பின் நகர அபிவிருத்தி அதிகார சபை தெமட்டகொடை, வனாத்தமுல்லை, மட்டக்குளிப் பகுதிகளில் இன்னும் பல கோபுரங்களைக் கட்டியது. இரண்டாவது பதிலின் கணக்குப்படி சஹஸ்புர போன்ற இரண்டு கட்டடங்களே ஒரு கடைக்கு ஏறக்குறையப் போதும்.

நடப்பது வேறு. முன்பு தோட்டத்தில் வீட்டு முன்னறையைத் திறந்து கடை வைத்தவருக்கு அந்தத் தோட்டத்தவர் மட்டுமல்ல, வழியால் போன எல்லோரும் வாடிக்கையாளர்கள். பத்தாம் மாடியில் வழிப்போக்கர் இல்லை. அதனால் மாடிக்கு மாடி வீட்டுக்குள்ளேயே சீனி, தேயிலை, பிஸ்கட் வைத்து விற்கிறார்கள். வாடகை இல்லாத அந்தக் கடைகளோடு கீழே வாடகை கட்டி நடத்துபவர் போட்டியிட வேண்டும். குடும்பங்களுக்கோ முன்பு இல்லாத பராமரிப்புக் கட்டணமும், வீட்டுக்கான தவணையும் சேர்ந்துவிட்டன. மின்தூக்கி பழுதான நாளில் மேல்மாடிக் கிழவி கீழே இறங்குவதே இல்லை, பக்கத்து வீட்டுக் கடைதான் அவருக்குச் சந்தை. இங்கே கடை போடுவதானால் வாசலில் போடாதீர்கள். எல்லோரும் பஸ் ஏறப் போகும் வழியில் போடுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் கடையே இல்லை. எண்ணிப் பார்த்தோம், நூற்றிருபது குடும்பம்தான் தேறுகிறது. கடைக்குச் சனம் காணாதென்றால் நாங்கள் என்னதான் செய்வது?

கடை நிற்கச் சனம் காணாத இடத்தில் கடை நகர வேண்டும். முச்சக்கர வண்டியில் இசையோடு வரும் பாண்காரர், காலையில் கூவிக்கொண்டு போகும் மீன்காரர், ஞாயிற்றுக்கிழமை மரக்கறி லொறி ஆகியோர் செய்வது அதைத்தான். பத்து ஒழுங்கைகளின் வாடிக்கையைச் சேர்த்து ஒரு பிழைப்பாக்குகிறார்கள். உங்கள் 120 குடும்பம் ஒரு கடையைத் தாங்காது, ஆனால் நாளுக்கு இருபது நிமிடக் கடையைத் தாராளமாகத் தாங்கும். மரக்கறி வியாபாரி பேலியகொடை மெனிங் சந்தையிலிருந்து வருகிறார் என்றால், நேரத்தைப் பேசி ஒழுங்குபடுத்திக்கொண்டால் அவருக்கும் எரிபொருள் மிச்சம்.

கடை திறக்க நினைப்பவர்களுக்கும் இவர்கள் நல்ல அளவுகோல். பாண்காரர் உங்கள் ஒழுங்கையில் எவ்வளவு நேரம் நிற்கிறார், எத்தனை கதவு திறக்கிறது என்று ஒரு வாரம் பாருங்கள். அவர் நிற்காமல் கடந்துபோகும் தெருவில் நீங்கள் பத்தாண்டுக் குத்தகை எழுதாதீர்கள்.

எதிரே இருபது மாடிக் கட்டடம் எழுகிறது. முடியும் நேரத்துக்குக் கடையைத் தயாராக வைத்திருக்க இப்போதே இடத்தைப் பிடிக்கலாமா?

இடத்தைப் பிடிப்பதும் கடை திறப்பதும் வேறு வேறு. கட்டட வேலை நடக்கும்வரை உங்கள் வாடிக்கையாளர்கள் தொழிலாளர்கள். அவர்களுக்கு வேண்டியது பிளேன்ரீ, சோற்றுப் பொதி, வெற்றிலை, ரீலோட். அந்தக் கடை நன்றாகவே ஓடும், வேலை முடியும் நாளில் நின்றுவிடும். அதன்பின் குடிவருபவர்கள் மெல்ல மெல்லத்தான் வருவார்கள். ‘அத்தனையும் விற்றுவிட்டது’ என்று விற்பனையாளர் சொல்வது வீடுகள் விற்றதைப் பற்றி, அடுப்பு மூட்டியதைப் பற்றி அல்ல. சாவி கைமாறி, உள்வேலை முடிந்து, வாடகைக்கு ஆள் பிடித்து, பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்து வருவதற்குள் ஒன்றிரண்டு வருடம் போய்விடும்.

ஆகவே உரிமையாளரோடு பேசும்போது முதல் வருட வாடகையைக் குறைத்து, பின்பு படிப்படியாக உயர்த்தும்படி கேளுங்கள். முற்பணத்தை இரண்டு தவணையாகக் கட்டச் சம்மதிக்கிறாரா என்று பாருங்கள். இடையில் விலகினால் முற்பணத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த மூன்றுக்கும் ஒத்துவராதவர் என்றால், இரண்டாவது பதிலில் உள்ள கணக்கை அவர் கேட்கும் முழு வாடகையோடும், விளக்கெரியும் ஜன்னல் ஒன்றுகூட இல்லாத கட்டடத்தோடும் போட்டுப் பாருங்கள்.